சனிக்கிழமை நாற்காலி

சலவைக் கடையில் அவளை எல்லோரும் 'மடிப்பு அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மடித்த சட்டையைப் பிரிக்க மனசே வருவதில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லப்போக, முதலாளி அதைப் பிடித்துக்கொண்டு வைத்த பெயர் அது. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கடையின் பின்கட்டில், வெந்நீர்க் குழாய்கள் ஓடும் சுவரை ஒட்டி அவளுடைய இஸ்திரி மேஜை. மின்விசிறி போட்டால் துணி பறக்கும் என்பதால் அங்கே மின்விசிறியும் கிடையாது. காலையில் நின்றால் சாயங்காலம் வரை நின்றபடிதான்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்ட ஒருத்திக்கு அதைவிட மோசமான வேலை இருக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போகாது. காலிலும் முகத்திலும் வந்து தேங்கிவிடும். அதனால் நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில்தான். மேஜைமேல் துணிக்குத் தெளிக்கிற தண்ணீர் வாளி நிறைய இருக்கும். தெளித்துத் தெளித்துத் தேய்ப்பாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது ஒரு வாய் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அடுத்த சட்டையை எடுப்பாள்.

அவள் புருஷன் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவன். "இது ஆயுசுக்கும் பண்ண வேண்டிய வைத்தியம், வாரத்துக்கு மூணு தடவை" என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. முதல் சில மாதங்கள் தனியார் ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப் போய் வந்தான். அவள் காதில் கிடந்ததும் கழுத்தில் கிடந்ததும் போயின. அவனுடைய இருசக்கர வண்டி போயிற்று. அப்புறம் கடன் கொடுக்கிறவர்கள் அவனைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். வெளியூரில் பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது, போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினான். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு நம்பர் மாறிவிட்டது. பெரிய வேலை போலிருக்கிறது, இன்னும் முடியவில்லை என்று கடையில் யாராவது கேட்டால் சொல்லிச் சிரிப்பாள். கேட்டவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

இலவசமாக ரத்தம் சுத்தம் செய்கிற கூடம் ஒன்று இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஏதோ ஒரு அறக்கட்டளை பழைய கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து, சில இயந்திரங்களையும் சாய்வு நாற்காலிகளையும் போட்டு நடத்திக்கொண்டிருந்தது. பழைய ஆட்களுக்கு வாரம் இரண்டு முறை. அவளைப் போலப் பிந்தி வந்தவர்களுக்கு ஒரே முறை, செவ்வாய்க்கிழமை. இரண்டாவது முறை வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். அங்கே நாற்காலி காலியாவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு.

செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி கண்டக்டருடையது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் வீட்டில் இருந்தார். வாய் ஓயாத மனிதர். நர்ஸ் ஊசியோடு வந்தால், "சில்லறை இல்லம்மா, ஒரே ஊசியா குத்திடு" என்பார். பக்கத்தில் யாராவது முனகினால், "உள்ள தள்ளிப் போ, உள்ள தள்ளிப் போ, பின்னாடி காலியாத்தானே இருக்கு" என்று குரல் கொடுப்பார். வலியில் இருக்கிறவனுக்கும் உதடு விரியும்.

முதல் நாள் அவள் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தபோது, "என்ன தங்கச்சி, புதுசா?" என்று கேட்டவர் அவர்தான். இடது கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்த இடம் எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருந்தது அவளுக்குப் பயமாக இருந்தது. "அதைக் காதுல வச்சுக் கேட்டுப் பாரு. வண்டி நியூட்ரல்ல நிக்கிற மாதிரி உறுமும். அது உறுமுற வரைக்கும் கவலையே இல்ல" என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டில் தனியாகப் படுத்திருக்கும்போது கையைக் காதோடு வைத்துக் கேட்பாள். அந்த அறையில் அவளைத் தவிர உயிரோடு இருக்கிற சத்தம் அது ஒன்றுதான்.

நான்கு மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். உருளைக்கிழங்கை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டால் கொஞ்சம் தின்னலாம் என்பது அவர் சொல்லித் தெரிந்ததுதான். தான் பார்த்த பயணிகளைப் பற்றி, டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல நடித்தவர்களைப் பற்றி அவர் சொல்வார். அவள் துணிகளைப் பற்றிச் சொல்வாள். சட்டைக் காலரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பாள். "அப்போ என் காலரைப் பார்த்து என்ன தெரியுது?" என்று அவர் கேட்டார். "மருமக நல்லாத் துவைக்கிறாங்க, அலசுறதுக்குத்தான் சோம்பல்" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் குழாய் அசைந்து இயந்திரம் எச்சரிக்கையாகக் கூவ, நர்ஸ் ஓடிவந்து இருவரையும் திட்டினாள். வாரத்தில் மற்ற நாட்களில் அவள் கடையில் பேசுவது "இது ஆச்சு", "அது நாளைக்கு" என்ற அளவோடு சரி. ஆகவே அவளுக்கு நோயைப் பற்றிய பயம் ஒரு பக்கம் இருந்தாலும், செவ்வாய்க்கிழமை வருவதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

வாரம் ஒரு முறை என்பது உடம்புக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால் தூண்போல வீங்கிவிடும். செருப்பு நுழையாது. படுத்தால் மூச்சு முட்டும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியாமல் ஒரு திங்கட்கிழமை மேஜைமேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். லாட்ஜ் விரிப்பு ஒன்று கருகிப்போயிற்று. முதலாளி கத்தவில்லை. "பாத்துக்க அக்கா, இன்னொரு தடவைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று தணிந்த குரலில் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அன்றைக்கு அவள் வேண்டிக்கொண்டாள். எனக்கு இன்னொரு நாள் கிடைக்கட்டும் என்று. வேண்டி முடித்த பிறகுதான் தான் என்ன வேண்டினோம் என்பது உறைத்தது. வேண்டியதை வாபஸ் வாங்கவும் இல்லை.

மறுநாள் செவ்வாய், கண்டக்டர் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தாள். இயந்திரத்திலிருந்து இறங்கி எடை பார்த்துக்கொண்டிருக்கும்போது கூடத்தின் மேனேஜர் வந்தார்.

"உங்களுக்குச் சனிக்கிழமை கிடைச்சிருக்கு. இந்த வாரத்துல இருந்தே வந்துடுங்க."

"எப்படிங்க? யாரோடது?"

"கண்டக்டரோடது. அவங்க வீட்டுல இருந்து சொல்லிட்டாங்க, இனிமே வரமாட்டார்னு."

மேலே எதுவும் கேட்காமல் எடைக் கருவியிலிருந்து இறங்கினாள். மேனேஜரும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். இனிமே வரமாட்டார் என்றால் அந்தக் கூடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சனிக்கிழமை போனாள். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த நாற்காலி. பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தூங்கினார். நான்கு மணி நேரமும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு மட்டும் லேசாகிக்கொண்டே வந்தது. மூச்சு தாராளமாக வந்தது. அப்படி வந்த ஒவ்வொரு மூச்சும் திருட்டு மூச்சாக இருந்தது அவளுக்கு.

எழுந்திருக்கும்போது நர்ஸிடம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணன் எப்ப போனாரு சிஸ்டர்?"

"எங்க போனாரு? வீட்டுலதான் இருக்காரு. அவரா நிறுத்திக்கிட்டாரு" என்றாள் நர்ஸ், குழாயைச் சுற்றிக்கொண்டே. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட்ரஸ் வேணுமா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே போனாள். சந்துக்குள் சந்து. ஒரே அறையைத் திரை போட்டுத் தடுத்து இரண்டாக்கிய வீடு. மகன் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். அப்போதுதான் வேலை முடிந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். மருமகள் அடுப்பின் முன்னால். கண்டக்டர் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கிக் கண்கள் உள்ளே போய்விட்டிருந்தன. அவளைப் பார்த்ததும் சிரித்தார். அதிலேயே மூச்சு வாங்கியது.

"அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலிதானே நீங்க? உக்காருங்கக்கா" என்றான் மகன். நல்ல பிள்ளை. முகத்தில் களைப்பு தெரிந்தது. "அப்பாவுக்குத்தான் இனிமே அலைச்சல் இல்ல. டாக்டரே சொல்லிட்டாராம், மிஷினு வேண்டாம், மாத்திரையே போதும்னு. நாங்களும் எத்தனை வருஷமா அலைஞ்சோம்!"

அவள் கண்டக்டரைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிஷின் இலவசம்தான். ஆனால் ரத்தம் ஊறுவதற்குப் போடுகிற ஊசி இலவசமில்லை, மாத்திரைகள் இலவசமில்லை, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கூட்டிப் போகிற இரண்டு நாளும் மகனுக்கு மூட்டை கிடையாது, கூலி கிடையாது. கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டார். நம்ப வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் உடனே நம்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பேசாமல் எழுந்து போயிருக்கலாம். போனால் சனிக்கிழமை அவளுக்கு. வாசல்வரைக்கும் போனாள். செருப்பில் காலை நுழைத்தாள். அன்றைக்குச் செருப்பு சுலபமாக நுழைந்தது. நுழைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"தம்பி, எந்த டாக்டரும் அப்படிச் சொல்லமாட்டாங்க. நிறுத்தினா செத்துடுவாங்க. உங்கப்பா முகத்தைப் பாருங்க."

மகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலருகே வந்தான்.

"மாத்திரை போதும்னு சொன்னீங்களேப்பா?"

கண்டக்டர் சுவரைப் பார்த்தார்.

"சொன்னீங்களா இல்லையா? எதுக்குப்பா பொய் சொன்னீங்க?" என்று கத்தினான். உடனே அவள் பக்கம் திரும்பினான். "நீங்க எதுக்குங்க வந்தீங்க இப்ப? எங்களுக்கு வழி காட்டவா? நான் தூக்குனாத்தான் இங்க சோறு. இவரைத் தூக்குறதா, மூட்டையைத் தூக்குறதா, சொல்லுங்க!" என்றவன் அப்படியே கீழே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். மருமகள் அடுப்பை அணைத்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மடிப்பு அக்கா. யோசித்துச் சொன்னதல்ல. "சனிக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போயிட்டுக் கூட்டிட்டு வர்றேன். நீங்க வேலைக்குப் போங்க தம்பி."

திங்கட்கிழமை, தன் சனிக்கிழமையைக் கண்டக்டருக்கே திருப்பித் தரும்படி கேட்க மேனேஜரிடம் போனாள். விட்டுக்கொடுத்த இடம் திரும்பக் கிடைக்காது. வேண்டுமானால் கண்டக்டர் வரிசையில் கடைசியாக நிற்கலாம். அவள் வேண்டாமென்றால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போகும் என்று மேனேஜர் விளக்கினார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. வெளியே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றவளிடம் நர்ஸ் வந்தாள். "சனிக்கிழமை மேனேஜர் வர்றதில்ல. உங்க நாற்காலியில எந்தக் கை இருக்குன்னு பாக்குறதுக்கு எனக்கு நேரமும் இல்ல. அவர் பேர் போட்ட, ரத்தம் வடிகட்டுற ஃபில்டர் இன்னும் அலமாரியிலதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

இப்படியாக, கிடைத்த சனிக்கிழமையை அவள் கைமாற்றிவிட்டாள். மறுபடியும் அவளுக்கு வாரம் ஒரு முறைதான். அவருக்கும் ஒரு முறைதான். கடையில் அரைநாள் கூலி போயிற்று. முதலாளி, "உனக்கு வைத்தியம் பண்ணத்தானே லீவு கேட்ட, இப்ப யாரையோ கூட்டிட்டுப் போறேங்கிற?" என்றார். "ஆமா" என்றாள். அதற்கு மேல் அவரும் தோண்டவில்லை.

ஷேர் வேனில் அவரை ஏற்றுவதே ஒரு காரியம். காலைத் தூக்கி வைக்கத் திணறுவார். "அந்தக் காலத்துல ஓடுற வண்டியில ஏறுவேன் தங்கச்சி" என்பார். "ஓடிக்கிட்டே ஏறுறதா இருந்தா ஏறுங்க, டிரைவரை எடுக்கச் சொல்றேன்" என்பாள். கூடத்தில் அவர் நாற்காலியில் சாய்ந்திருக்க, அவள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். வாய்ப் பேச்சு முன்போல இல்லை. பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்வார். அவள் எழுந்து போய்விடவில்லையே என்று பார்ப்பதற்காக நடுநடுவே திறப்பார்.

ஒரு நாள் அவள் சொல்லிவிட்டாள். மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"அண்ணே, நீங்க நிறுத்துறதுக்கு முந்தின நாள் நான் வேண்டிக்கிட்டேன். எனக்கு இன்னொரு நாள் கிடைக்கணும்னு. அதான் உங்களுக்கு..."

அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "இங்க வேண்டாதவன் யாரு? இந்த நாற்காலி எனக்கு முன்னாடி ஒரு டீச்சரம்மாவோடது. நல்லா இருக்காங்களா, நல்லா இருக்காங்களான்னு வாராவாரம் நர்ஸம்மாகிட்ட விசாரிப்பேன். ரொம்ப அக்கறையான ஆளுன்னு நினைச்சுக்கிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"நீ எதுக்கும்மா எனக்காகச் சாகுற? உன் காலைப் பாரு, வீங்கிக் கிடக்கு" என்றார்.

"உங்களுக்காக இல்லண்ணே. அன்னிக்கு ஒரு சனிக்கிழமை இந்த நாற்காலியில நான் தனியா உட்காந்தேன். என்னால முடியல. அவ்வளவுதான்."

அவர் ஊசி இல்லாத கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. மகனும் கோபம் தணிந்து, வேனிலிருந்து இறக்க வாசலுக்கு வந்து நிற்பான். மருமகள் இரண்டு முறை வெந்த உருளைக்கிழங்கை ஒரு டப்பாவில் போட்டு அவளுக்கும் கொடுத்துவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை, கடையில் பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்த நேரம், மருமகளிடமிருந்து போன் வந்தது. காலையில் முகம் கழுவிவிட உட்கார வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டாராம். நெஞ்சு நின்றுவிட்டது. பெட்டியின் சூட்டைக் குறைத்து, தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை முடித்து மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

சந்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பழைய டெப்போ ஆட்கள் கொஞ்சம் பேர், சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர். உள்ளே போய்ப் பார்த்தாள். வீக்கம் வற்றாத முகம். வெளியே வந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றாள். எல்லோருக்கும் நிற்க ஓர் இடம் இருந்தது. அண்ணன் தம்பிகள் ஓரிடம், சம்பந்திகள் ஓரிடம், கூட வேலை பார்த்தவர்கள் ஓரிடம். ஒரு வயதான பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீ யாரும்மா? அவருக்கு என்ன வேணும்?"

தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தாள். கூடப் பிறந்த தங்கைகள் இருவர் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள்.

"கூட உட்காந்திருப்பேன்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது மகன் சந்து முனைவரை வந்தான். சவரம் செய்யாத முகம்.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொல்லாமப் போயிருந்தா, நானே எங்கப்பாவை விட்டுட்டேங்கிறது கடைசிவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அது நன்றியா, குற்றச்சாட்டா என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்காது. "நீங்க விடல தம்பி" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். அதன் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போக அவளுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. போனாள். நர்ஸ் ஒன்றும் கேட்காமல் ஊசியைக் குத்தினாள். வழக்கத்தைவிட மெதுவாகக் குத்தியதுபோல இருந்தது. பக்கத்து ஆள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினார். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. மாதம் ஒன்று போவதற்குள் கால் வீக்கம் வடிந்தது. மூச்சு சீரானது. மேஜையில் முன்போல வேலை ஓடியது. முதலாளி வேறு ஆளைத் தேடுகிற பேச்சையே எடுக்கவில்லை. டாக்டர், "நல்லா இருக்கீங்களே!" என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வெகு நாளைக்குப் பிறகு அதே ஷேர் வேன் கூடத்து வாசலில் வந்து நின்றது. டிரைவர் பழக்க தோஷத்தில் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, கண்டக்டரை ஏற்றுவதற்குப் போடுகிற பலகையைப் படியருகே போட்டான். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பெரியவர் எங்கக்கா? ரொம்ப நாளா காணோமே?"

"இல்ல. ஒரு ஆள்தான்" என்றாள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியபோது பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.